இசைக்கருவி செய்யும் தொழிலும் நமது கடமையும்

(தருமபுரியில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் தொழிலைப் பற்றி ஏதேனும் ஒரு பொருள் குறித்து இன்று பேசவேண்டும் என்று காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். ஐந்தொழில்களுள் தச்சுத் தொழில் எம் குடும்பத்தாருடையது. அத்தொழிலின் கிளைகளுள் மிக நுண்ணியதாகிய ஒன்றை, அஃதாவது மரத்திலிருந்து நாதத்தைப் பிறப்பிக்கும் தொழிலை, இன்று எடுத்துக்கொண்டோம். கிட்டார் என்னும் மேனாட்டுக் கருவியும் வீணை என்னும் நம் நாட்டுக் கருவியும் கையினால் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதையும், அத்தொழில் எதனால் வாழ்கின்றது, எதனால் மாய்கின்றது என்பதையும் ஒருவாறு சொல்லி, முடிவில் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள எண்ணுகின்றோம்.

தொடங்குமுன் எம் கையிலுள்ள இக்கோலைப் பாருங்கள். பின்வரிசையிலுள்ளோர்க்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டுகின்றோம். இது கருங்காலிக் கோல்; ஒரு முழத்திற்குச் சிறிது மிகுந்த நீளமுடையது. இதன் ஒரு விளிம்பில் ஐந்து வெட்டுக்கள் இருக்கின்றன. அவற்றிற்கு இடையேயுள்ள தூரம் ஒன்றுபோல் ஒன்று இல்லை. இஃது எம் பாட்டனாருடையது.

அவர் அரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். இளமையில் தஞ்சாவூர் சென்று வீணைப் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பினார். ஊரில் அவருக்குச் சோறிட்டவை கதவும் நிலையும் ஏரும் வண்டியுமே. ஆயினும் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பழுதுற்ற வீணைகள் அவரைத் தேடி வரும். தம் வாழ்நாளில் ஏழு வீணைகளைத் தாமே செய்தார். அவற்றையெல்லாம் இக்கோல் கொண்டே அளந்தார். 1968ஆம் ஆண்டில் அவர் காலஞ்சென்றார். இவ்வைந்து வெட்டுக்களும் எவ்வெவ் அளவுகளைக் குறிப்பன என்று அன்று எம் வீட்டு ஆண்மக்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. எம் தந்தையார் பள்ளி ஆசிரியர். யாமோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். பின்பு அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தோம். கோல் மட்டும் எங்களிடம் எஞ்சியது. இக்கோலைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

சென்ற கோடையில் இளைஞர் ஒருவர் எம் இல்லத்துக்கு ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார். சினிமாவினாலும் தேவாலயப் பாட்டினாலும் இக்கருவி இன்று நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் புகுந்துவிட்டதை நீங்கள் அறிவீர்கள். அவருடைய கருவியின் மேற்பலகை நீளவாட்டில் வெடித்திருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையும் அடிபெயர்ந்து நின்றது. பழுது பார்ப்பதற்கு பெங்களூர் போகவேண்டும் என்று சிலர் சொன்னார்களாம். கதவு செய்யும் நம் உறவினர் ஒருவரிடம் அவரை அனுப்பினோம். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிக் கேட்டார். வெடிப்புக்கு உட்புறமாக மெல்லிய மரத்துண்டு ஒன்றை ஒட்டி, குதிரையை மீண்டும் பொருத்திக் கொடுத்தார். அதற்கு முன் அவர் கிட்டாரைத் தொட்டதே இல்லை. "மரம் மரந்தானே!" என்பதே அவர் சொன்ன ஒரே விளக்கம். அச்சொல்லே இப்பேச்சுக்கு வித்தாயிற்று.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதைக் கருவி ஆக்கும் முறையைக் கொண்டு காண்போம்.

கிட்டாரின் உயிர் அதன் மேற்பலகை. ஸ்புரூஸ், செடார் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரங்களிலிருந்து அதனை எடுப்பர். இம்மரங்கள் எடையிற் குறைந்தவை. ஆனால் இழைவாட்டில் மிக விறைப்பானவை. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அடிமரத்தை அறுக்கவேண்டும். அவ்வாறு அறுத்த பலகையை மீண்டும் இரண்டாகப் பிளந்து, புத்தகத்தைத் திறப்பதுபோல் விரித்து, நடுவில் ஒட்டுவர். அப்போது இடப்புறமும் வலப்புறமும் ஒரே இழையமைப்பு உடையவாகும். பின்பு இழைப்புளி கொண்டு இழைத்து இழைத்து ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருவர்.

இங்கேதான் தொழிலாளியின் இடர் தொடங்குகின்றது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் விசையோடு இப்பலகையை இழுக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது. பலகை தடித்திருந்தால் இழுப்பைத் தாங்கும், ஆனால் அதிராது, நாதம் ஊமையாகிவிடும். மெலிந்திருந்தால் இனிமையாகப் பாடும்; ஆனால் நாளடைவில் வளைந்து உடையும். உடையாமலும் ஊமையாகாமலும் இவ்விரண்டிற்கும் இடையே நிறுத்துவதே வித்தை. இதற்காகப் பலகையின் உட்புறத்தில் மெல்லிய தாங்குபட்டைகளை ஒட்டி, அவற்றை உளியால் சிறிது சிறிதாகச் செதுக்குவர். செதுக்குந்தோறும் பலகையைத் தட்டிக் காதால் கேட்பர். எப்போது நிறுத்தவேண்டும் என்பதைக் கோல் சொல்லாது. காதும் விரலுமே சொல்லும்.

பக்கப் பலகைகளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நனைத்து, காய்ச்சிய இரும்புக் குழாயின்மேல் அழுத்தி வளைப்பர். மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தால் இளகும். ஆறியபின் வளைந்த நிலையிலேயே இறுகும். வண்டிச் சக்கரத்துக்கு மரம் வளைத்த கைகளுக்கு இது புதிதன்று. மூட்டுக்களை இணைக்க மேனாட்டார் பழங்காலந் தொட்டுப் பயன்படுத்தியது, நம்மவர் வச்சிரம் என்று வழங்கும் தோற்பசையே. சூடு காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். ஆகலின் நூறாண்டு கழித்தும் கருவியைப் பிரித்துப் பழுது பார்க்கலாம்.

அந்த இளைஞரின் கருவி வெடித்த காரணமும் இதனாற் புலப்படும். மரம் ஈரத்தை உண்டு விரிவதும், ஈரம் இழந்து சுருங்குவதும் இயல்பு. அவ்விரிவும் சுருக்கமும் இழைக்குக் குறுக்காக மிகுதி. இழைவாட்டில் மிகச் சிறிது. நான்கு பக்கமும் ஒட்டி நிறுத்தப்பட்ட மெல்லிய பலகை, நம் மாவட்டத்து வறண்ட கோடையில் சுருங்க முயல்கின்றது. சுருங்க இடமில்லாமையால் இழைவழியே பிளக்கின்றது. இயந்திரம் ஆயிரக்கணக்கில் கிட்டார்களைச் செய்து மலிவாக விற்கலாம். அம்மலிவோடு நாம் போட்டியிட இயலாது. ஆனால் வெடித்த பலகையை ஒட்டித் தரும் இயந்திரம் இல்லை. அதற்கு அருகிலேயே ஒரு கைத்தொழிலாளி வேண்டும்.

இனி, இக்கருவியை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றைக் கேளுங்கள். அவர் பெயர் அந்தோனியோ தெ தோரஸ். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் அல்மேரியா அருகே 1817இல் பிறந்து 1892இல் மறைந்தவர். இவர் கருவி செய்வோர் குடியிற் பிறந்தவர் அல்லர். வரி தண்டுவார் ஒருவரின் மைந்தர். பன்னிரண்டாம் வயதில் ஒரு தச்சரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். கருவியின் உடலைப் பெரிதாக்கியும், மேற்பலகையை மெல்லிதாக்கியும், தாங்குபட்டைகளை விசிறிபோல் விரித்தமைத்தும் அவர் வகுத்த முறையையே பின்வந்தோர் பின்பற்றினர். நாதம் மேற்பலகையிலேயே பிறக்கின்றது என்பதை நிலைநாட்ட, 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழினாலேயே செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கிட்டார் ஆக்கினார். அது பார்சலோனா நகரத்து இசைக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

அவருடைய இரகசியம் யாது என்று வினவியபோது, அது தம் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பலகையைப் பற்றும்போது மனத்துக்கு உணர்த்துவது என்றும், ஆதலால் அது தம்முடன் கல்லறைக்கே வரும் என்றும் அவர் சொன்னதாக நண்பராகிய பாதிரியார் ஒருவர் எழுதிவைத்திருக்கின்றார். அவ்வாறே ஆயிற்று. அவர் செய்த கருவிகளைப் பிற்காலத்தார் அங்குலம் அங்குலமாக அளந்தெடுத்தனர். அளவு கிடைத்தது, அவ்விரல் கிடைக்கவில்லை. இதனால் நாம் அறிவது, இத்தொழிலில் எழுதக்கூடிய அறிவு ஒன்று, எழுத இயலாத அறிவு ஒன்று என இருவகை அறிவு உண்டு என்பது.

எழுதக்கூடிய அறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கிட்டாரின் கழுத்தில் மெட்டுக்களைப் பதிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தந்தியின் ஒலிக்கும் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் வருவது முதல் மெட்டின் தூரம். நீளம் 650 மில்லிமீட்டராயின் அது ஏறக்குறைய 36.5 மில்லிமீட்டர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இவ்வாறே சென்றால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கே மேல் ஸ்தாயி பிறக்கும். பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

வீணையிலோ நிலைமை வேறு. தஞ்சாவூர் வீணை பலா மரத்தாற் செய்யப்படுவது. முதிர்ந்த பலாவைக் குடைந்து குடமும், தண்டியும், யாளி முகமும் ஆக்குவர். மூன்றையும் தனித்தனியே செய்து இணைப்பதும் உண்டு. ஒரே மரத்தில் குடைந்தெடுப்பதும் உண்டு. பின்னதை ஏகாண்ட வீணை என்பர். வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. மெட்டுக்கள் இருபத்து நான்கு. இருபத்து நான்கு மெட்டுக்களும் நிலையாக அமைந்த இவ்வடிவம், 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். அம்மெட்டுக்களைத் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த அரக்கின்மேல் அமர்த்துவர். கணக்குப் போட்டு அமர்த்துவதில்லை; தந்தியை மீட்டிச் சுருதி கேட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அமர்த்துவர். மெழுகு மிகுந்தால் வெயிலில் மெட்டு நழுவும். கரி மிகுந்தால் அரக்கு வெடிக்கும். தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரைப் பிறர் திருடாமல் அது காக்கும். ஆனால் அரக்குக் கிண்டும் பதத்தைக் காக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிட்டாரின் முதுகுக்கும் பக்கத்துக்கும் உலகெங்கும் விரும்பப்படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ஈட்டி அரிதானபின், அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் தொழிற்சாலையார் 1969இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறினர். 2017இல் ஈட்டி இனங்களெல்லாம் உலக வாணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன; செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. நம் மரம் கடல் கடந்து சென்று கருவியாகி மீண்டு வருகின்றது. மரமும் உண்டு, உளியும் உண்டு. இடையில் வேண்டிய பயிற்சி ஒன்றே இல்லை.

ஒரு கருவித் தொழில் அடியோடு மாய்ந்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெளிநாடு செல்லவேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இவ்வூர் பழைய தகடூர். ஔவையாரைப் போற்றிய அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அக்காலத்துப் பாணர் வள்ளல்களை நாடி யாழொடு நடந்தனர். யாழின் உறுப்புக்களாகிய பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு என்பவற்றைப் பொருநராற்றுப்படை முதலிய நூல்கள் உவமை கூறி விளக்குகின்றன. ஆகவே பெயர்கள் இருக்கின்றன. உருவமும் ஒருவாறு தெரிகின்றது. ஆனால் பத்தரை எவ்வளவு குடைவது, தோலை எவ்வளவு இழுத்துப் போர்ப்பது என்று ஒரு கை மறு கைக்குக் காட்டிய தொடர்ச்சி அறுந்துபோயிற்று. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு முயன்று, கணக்கையும் நூல்களையும் துணைக்கொண்டு யாழின் இயல்பை ஆராய்ந்து "யாழ் நூல்" என்னும் பெருநூலை 1947இல் வெளியிட்டார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஒரு தச்சனும் அவன் மாணாக்கனும் அறுபடாமல் வந்திருந்தால் ஒரு நாளிற் காட்டியிருக்கக் கூடியதைக் காண, ஒரு பேரறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி செலவாயிற்று. புலவர் பாடியது நின்றது. தொழிலாளி அறிந்தது நிற்கவில்லை.

தொழிலைப் பூட்டி வைத்தால் அது காப்பாற்றப்படும் என்று நம்முள் பலர் இன்னும் எண்ணுகின்றனர். "நம் பிள்ளைகளுக்கே நம் தொழில், அயலாருக்கு ஏன் காட்டவேண்டும்?" என்பர். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டு மார்க்நாய்கிர்கென் என்னும் ஊரில் வயலின் செய்வோர் 1677இல் தங்களுக்கென ஒரு தொழிற் சங்கம் கண்டனர். பின்பு கிட்டார் பரவியபோது, மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள் அதனைச் செய்யத் தொடங்கினர். வயலின் சங்கத்தார் பொறாராயினர். இசைக்கருவி செய்யும் உரிமை தங்களுக்கே உரியது என்றும், தச்சர்கள் வெறும் தட்டுமுட்டுச் சாமான் செய்வோர் என்றும் கூறி, அரசாங்கத்தாரிடம் 1826இலும் 1832இலும் முறையிட்டனர். தச்சர்கள் தங்கள் உரிமையை நிலைநாட்டிக்கொண்டனராயினும் பூசல் ஓயவில்லை. அத்தச்சர் குடும்பம் ஒன்றிற் பிறந்து, வியன்னா நகரத்தில் தொழில் கற்ற கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டின் என்பவர் மனம் வெறுத்து 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சற்றுமுன் நாம் குறிப்பிட்ட மார்ட்டின் தொழிற்சாலை அவர் தொடங்கியதே. மேற்பலகையின் உட்புறத்தில் இரு பட்டைகளைப் பெருக்கற் குறிபோல் குறுக்கிட்டு அமைக்கும் முறை அங்கேயே வளர்ந்தது. இன்று எஃகுத் தந்திக் கிட்டார்களிற் பெரும்பாலானவை அம்முறையினவே. சங்கம் கதவை அடைத்தது. அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர் பெருவாழ்வு பெற்றார். சங்கம் என்னும் பெயரால் கூடியிருக்கும் நாம் நினைவில் வைக்கத்தக்க வரலாறு இது.

இனி, பூட்டி வைப்போர் கூறும் நியாயத்தையும் தள்ளிவிடலாகாது. தொழில் இரகசியமே ஏழைக்குச் சொத்து. அதனை ஊரறியக் கற்பித்தால் கூலி குறையும். காசுள்ளவன் கடை வைத்து நம்மவனை வேலைக்காரனாக்குவான் என்பது அவர் அச்சம். அச்சம் பொய்யன்று. ஆனால் கேட்கின்றோம்: யாருக்காக நாம் காத்து வைக்கின்றோமோ அந்தப் பிள்ளைகள் எங்கே? ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் பெங்களூர் அலுவலகங்களிலும் இருக்கின்றனர். அவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை; முதலில் உளியை வைத்துவிட்டுப் போனவர்களுள் யாமும் ஒருவரே. வாரிசு வேண்டாவென்று விட்ட சொத்தை, வேண்டுமென்று வருபவனுக்கும் கொடுக்காமல் புதைப்பது எவ்வகை நீதி?

இதனை யாம் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. எம் குடும்பத்தைக் குறித்தே சொல்கின்றோம். எம் பாட்டனாரிடம் வேறு குலத்துச் சிறுவன் ஒருவன் தொழில் கற்க வந்தான். ஊரிலே காது கூர்மையானவன் என்று பெயரெடுத்தவன். நாள்தோறும் திண்ணையோரம் நின்று பார்ப்பான். "இது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு" என்று பாட்டனார் அவனை அனுப்பிவிட்டார். அவர் குறித்த பிள்ளை யாமே. யாம் உளியைத் தொடவே இல்லை.

மற்றொருவரும் இருந்தார். அவர் எம் அத்தை. இளமையில் கைம்பெண்ணாகி, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பாட்டனாருக்கு மெழுகுருக்கிக் கரி சேர்த்துக் கொடுத்தவர் அவரே. "வெயிற்காலத்து அரக்கு வேறு, மழைக்காலத்து அரக்கு வேறு" என்பார். சிறிது கிள்ளி விரலிடையே உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார். அவர் சொன்னபின்னரே பாட்டனார் மெட்டு வைப்பார். ஆனால் உளியையும் கோலையும் அவர் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை. பெண்ணுக்கு அது வழக்கமில்லை என்பதே காரணம்.

வழக்கம் எவ்வளவு வலியற்றது என்பதற்கு ஒன்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கலமசூ நகரத்துக் கிப்ஸன் தொழிற்சாலையின் ஆண்கள் பலர் படையிற் சேர்ந்தனர். அவ்வூர்ப் பெண்கள் உள்ளே வந்து கிட்டார்களைச் செய்தனர். அக்காலத்துக் கருவிகளை இன்று வாசிப்போர் அத்தொழிற்சாலையின் சிறந்த ஆக்கங்களுள் வைத்துப் போற்றுகின்றனர். பலகையை எங்கே நிறுத்தி இழைப்பது என்பதை அறிய மெல்லிய விரலும் பொறுமையும் வேண்டும். இவை நம் பெண்மக்களிடம் இல்லையென்று யார் சொல்வார்?

யாம் உத்தியோகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாளில், அத்தை நோயுற்றுப் படுத்திருந்தார். ஏதோ பேச்சின் நடுவே இக்கோலை எடுத்துவரச் சொன்னார். கண் பார்வை மங்கியிருந்தது. விரலால் வெட்டுக்களைத் தடவினார். "இது குடத்து வாயின் அகலம், இது குதிரை நிற்கும் இடம்" என்று இரண்டைச் சொன்னார். மற்ற மூன்றைப் பற்றிக் கேட்டோம். "அப்பா அளக்கும்போது நான் அடுப்படியில் இருப்பேன், பார்த்ததில்லை" என்றார். கோல் பிடிக்காத அக்கை இரண்டையேனும் காத்துவைத்தது. அதனைப் பிடிக்கவேண்டிய எம் கை ஒன்றையும் காக்கவில்லை.

ஆதலின் எம் விண்ணப்பம் மூன்று பகுதியுடையது.

முதலாவது, நம் மாவட்டத்தில் எஞ்சியுள்ள முதிய தச்சர்கள் அறிந்த அளவுகளையும் மரத்தேர்வையும் பசை, அரக்கு முதலியவற்றின் பாகத்தையும் சங்கத்தார் கேட்டு எழுதவேண்டும். வேலை செய்யும் கையைப் படமெடுக்கும் வசதி இன்று ஒவ்வொரு வீட்டுக் கைபேசியிலும் இருக்கின்றது. எழுதக்கூடிய அறிவை இனி இழப்பதற்கு நமக்கு ஒரு சமாதானமும் இல்லை.

இரண்டாவது, சங்கக் கட்டிடத்தின் பின்புறத்து அறையை ஒரு பயிற்சிப் பட்டறையாக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வீணையும் கிட்டாரும் செய்வோம் என்று யாம் சொல்லவில்லை. பழுது பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். வெடித்த பலகையை ஒட்டுவது, பெயர்ந்த குதிரையைப் பொருத்துவது, தேய்ந்த மெட்டை மாற்றுவது என இவற்றைக் கற்றவன் கருவியின் உள்ளுறுப்பைக் கண்டவனாவான். கண்டவன் நாளை செய்வான். சுற்றிலும் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். கூலிக்கும் வழியுண்டு. முதல் ஆண்டுக்கு வேண்டிய கருவிகளின் செலவை எம் ஓய்வூதியத்திலிருந்து ஏற்கச் சித்தமாயிருக்கின்றோம்.

மூன்றாவது, அப்பட்டறையின் கதவு யாருக்கும் அடைக்கப்படலாகாது. நம் ஆண்மக்கள் வரட்டும், பெண்மக்கள் வரட்டும், பிற குலத்துப் பிள்ளைகளும் வரட்டும். காதும் கையும் பொறுமையும் உடையவரே இத்தொழிலுக்கு உரியவர். இம்மூன்றாவதைப் பற்றி உங்களிற் சிலர்க்கு மனவருத்தம் இருக்கும் என்பதை அறிவோம். கூட்டம் முடிந்தபின் எம்மோடு வாதிடலாம். ஆனால் வாதிடுமுன், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கோல்களை எடுத்துப் பாருங்கள். அவற்றிலுள்ள வெட்டுக்களுக்குப் பொருள் சொல்ல உங்கள் வீட்டில் எவரேனும் இருப்பின், எம் சொல்லைத் தள்ளிவிடலாம்.

எம் கோலில் இன்னும் மூன்று வெட்டுக்கள் பொருள் விளங்காமல் நிற்கின்றன. எம் பாட்டனார் செய்த வீணைகளுள் ஒன்றேனும் எங்கேனும் ஒரு வீட்டில் இருத்தல் கூடும். இதழைப் படிக்கும் அன்பர்கள் எவரேனும், அரூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருவரிடம் பழங்காலத்தில் வாங்கிய வீணை தம் வீட்டில் இருப்பதாக அறிந்தால் சங்கத்துக்கு எழுதுவாராக. இக்கோலோடு வந்து பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்போம். அந்த மூன்றும் விளங்கினால், பட்டறையில் முதலில் வந்து சேரும் பிள்ளை எக்குலத்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அவர் கையில் இக்கோலைக் கொடுத்துவிடுவோம். விளங்காவிட்டாலும் கொடுப்போம். வெட்டுவதற்கு இதன் மறு விளிம்பு இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.